இணைப்பு நான்கு

கடலுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே
சி.வி. ராமன் நகரில்
கடலைக் கேட்க ஒரு காது செய்தோம்.
பதினோரு வருடம்.
உப்புக்காற்றுகூட எட்டாத ஊரில்
சிமெண்ட் தொட்டி ஒன்றுக்கு
வங்காள விரிகுடா என்று பெயர்.
பாசி பிடித்தால் நானும் குலசேகரனும்
பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கித் தேய்ப்போம்.

பிறகு டெல்லியிலிருந்து கடிதம்.
தொழில்துறையுடன் பகிரலாம்.
அந்த ‘லாம்’ ஒன்றில் எத்தனை கதவுகள் என்று
அரசாங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கேட்டு வந்தவர் நிஜகுணப்பா,
பீன்யாவில் போர்வெல் மோட்டார் செய்கிறவர்.
கப்பலை நேரில் பார்த்ததில்லை என்றார்.
நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன் என்றேன்.
‘ரோட்டுக்கு அடியில் குழாய் ஒழுகினால் சொல்லுமா?’
சொல்லும்.
அதற்காகப் பிறந்ததில்லை, ஆனால் சொல்லும்.

கையெழுத்து விழாவில்
மைசூர் பேட்டா, ஏலக்காய் மாலை, கொஞ்சம் தாமதமாக அமைச்சகத்தின் ஆள்.
இரண்டு தரப்பும் சிரித்தபடி பிடித்திருந்த நீலக் கோப்புக்குள்
கேண்டீன் டெண்டரின் பழைய பிரதி.
நிஜ ஒப்பந்தம் வர
இன்னும் ஏழு மாதம் இருந்தது.

வந்தது. நாற்பத்தாறு பக்கம்.
விற்பதில் நூற்றுக்கு நான்கு அரசுக்கு.
கடைசியில் இணைப்பு நான்கு:
இந்தக் காது இனிமேல்
எதையெல்லாம் கேட்கக்கூடாது
என்ற பட்டியல்.

அதையும் என்னிடம்தான் கொடுத்தார்கள்.
எந்த நரம்பு எங்கே ஓடுகிறதென்று
வேறு யாருக்குத் தெரியும்?
காதுகுத்து என்றால் மாமன் மடி வேண்டுமே,
யாரைக் கூப்பிடலாம் என்றான் குலசேகரன்.
சிரித்தேன். அன்று மட்டும்.
செவிடாக்குவது சுலபம்.
ஒரே ஒரு குரலுக்கு மட்டும் செவிடாக்க
மூன்று மாதம் பிடித்தது.
பக்கத்து ஒலிக்கு வலிக்காமல் எடுக்க வேண்டும்,
எடுத்த இடத்தில் தழும்பு தெரியக்கூடாது.

முதல் இரவு லிங்கராஜபுரம்.
டேங்கர் ஒன்று ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு விற்கும் தெரு.
குடிநீர் வாரியத்து சௌடப்பா
குரங்குக் குல்லாய்க்கு மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.
எங்கோ ஒரு ஃபிரிட்ஜ். சாக்கடையில் எலி.
அப்புறம், கடுகு போடுவதற்கு முன்னால்
எண்ணெய் காயும் சத்தம்.
பேக்கரி வாசலில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டார்.
நாலு மணிக்குத் தோண்டினார்கள்.
‘சிக்து மேடம்!’ என்று
அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவினார்.
நிஜகுணப்பா எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தார்.
பதினோரு வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த
ரகசியமில்லாத முதல் பொருள்.

இருநூறு கருவி விற்றது.
நூற்றுக்கு நான்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

கம்மனஹள்ளியில் ஒரே ஒரு தெருவில்தான் சிக்கல்.
பழைய வார்ப்பிரும்புக் குழாய்,
அதன் வெடிப்பும் பக்கத்து பம்ப்பும் சேர்ந்து
பட்டியலில் ஏழாவதாக இருக்கும் குரலில்
முனகுகின்றன.
அச்சு அசலாக அதே குரல்.
எந்தக் கப்பலுக்காக அதைக் கற்றேனோ
அந்தக் கப்பலே அடியில் போவதுபோல.

டெல்லிக்கு எழுதினேன்.
அந்த ஒன்றை மட்டும் திருப்பித் தரலாமா?
‘லாம்’ என் கடிதத்திலும் இருந்தது.
பரிசீலனையில் உள்ளது என்றார்கள்.
தீபாவளி போய் உகாதியும் போனது.

நேற்று நானே போனேன்.
சௌடப்பா கருவியைத் தரையில் வைத்தார்,
ஒரு தடவை, மறுபடி, இன்னும் இரண்டு அடி தள்ளி.
பச்சை விளக்கு.
கசிவு இல்லை என்று படிவத்தில் எழுதி
கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்.
பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.
என் செருப்பு நனைந்திருக்கிறது.